1.212-ஆல் பெருக்கப்பட்ட மனிதர்கள்

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அத்தான், சில ஆண்டுகளுக்கு முன் தன் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். என் வேலைக்காலம் முழுவதும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கழிந்ததால், குடும்பத்தில் யாருக்கு அறிக்கை வந்தாலும் மருத்துவர் பார்ப்பதற்கு முன் என் கைபேசிக்கு வந்துவிடும். சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தவன் சிறுநீரகப் பகுதியில் நின்றுவிட்டேன். ரத்தம் ஒன்று, கிரியாட்டினின் அளவும் ஒன்று. ஆனால் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதற்கு மட்டும் இரண்டு எண்கள் அச்சாகியிருந்தன. 'ஆப்பிரிக்க அமெரிக்கர் அல்லாதவர் என்றால் 61. ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றால் 71.'

அத்தான் எங்கள் குடும்பத்திலேயே நல்ல கறுப்பு. "இதில் என் வரி எது?" என்று கேட்டிருந்தார். கிண்டலுக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல முயன்றால் அமெரிக்க மருத்துவத்தின் இருநூறு ஆண்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளுகிறது. தள்ள முடியாதபோது ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. காரம் சேர்த்த பிக்ரிக் அமிலத்தோடு சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) கலந்தால் மஞ்சள் திரவம் ஆரஞ்சாக மாறும். ஆரஞ்சு எவ்வளவு அடர்த்தியோ, கிரியாட்டினின் அவ்வளவு. யாஃபே என்ற ஜெர்மானியர் 1886இல் கண்டுபிடித்த முறை இது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையால் செய்தோம், பிறகு இயந்திரம் செய்தது. ஆரஞ்சு நிறம் மட்டும் மாறவில்லை.

சிக்கல் என்னவென்றால், கிரியாட்டினின் சிறுநீரகத்தை மட்டும் காட்டுவதில்லை, தசையையும் காட்டுகிறது. தினமும் இறைச்சி உண்டு உடற்பயிற்சி செய்யும் இளைஞனுக்கு 1.2 என்பது சாதாரணம். எலும்பும் தோலுமாக இருக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு அதே 1.2 எச்சரிக்கை மணி. அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரங்கள் வந்தன. 1999இல் வெளியாகி உலகெங்கும் பரவிய சூத்திரம், அமெரிக்காவில் 1628 சிறுநீரக நோயாளிகளின் தரவிலிருந்து உருவானது. அவர்களில் கறுப்பினத்தவர் 200 பேருக்கும் குறைவு. அந்தச் சிலரிடம், ஒரே கிரியாட்டினின் அளவுக்கு, நேரடியாக அளந்த வடிகட்டும் திறன் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆகவே 'கறுப்பினத்தவர் என்றால் பெருக்கு' என்று ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். சூத்திரத்தின் பிந்தைய வடிவத்தில் அந்த எண் 1.212. 2009இல் வந்த அடுத்த சூத்திரத்தில் 1.159 ஆகக் குறைந்தது, பெருக்கல் போகவில்லை.

கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்று விளக்கம் சொன்னார்கள். தசைதான் காரணம் என்றால் தசையைத்தானே கேட்டிருக்க வேண்டும்? மாரத்தான் ஓடும் கறுப்பினப் பெண்ணுக்கும், படுத்த படுக்கையாகக் கிடக்கும் கறுப்பின முதியவருக்கும் ஒரே 1.212. பளு தூக்கும் வெள்ளையருக்கு ஒன்றும் கிடையாது. இதை வடிவமைத்தவர்களை நான் வில்லன்களாகப் பார்க்கவில்லை. தரவில் ஒரு வித்தியாசம் தெரிந்தது, கணிப்பு இன்னும் துல்லியமாகட்டும் என்று சேர்த்தார்கள். கறுப்பின நோயாளிகளுக்கு நோயில்லாமலே நோய் முத்திரை குத்திவிடக் கூடாது என்ற கவலையும் அதில் உண்டு. என் கோபம் வேறு இடத்தில். தரவில் தெரிந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடுவதற்குப் பதிலாக, காரணம் இருக்க வேண்டிய இடத்தில் இனத்தின் பெயரை எழுதி மூடிவிட்டார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுகள் பெரும்பாலோர் அந்த மூடியைத் திறக்கவில்லை.

இந்தப் பெருக்கல் ஒருவருடைய வாழ்க்கையில் என்ன செய்தது? அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் நாட்கள் ஏறத் தொடங்க, வடிகட்டும் திறன் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்; இல்லையென்றால் டயாலிசிஸ் தொடங்கியிருக்க வேண்டும். ஒருவருக்குக் கணக்கு 17 என்று வருகிறது. வெள்ளையர் என்றால் அன்றே பட்டியலில் காலம் ஓடத் தொடங்கும். கறுப்பினத்தவர் என்றால் 17ஐ 1.212-ஆல் பெருக்கி 20.6 என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். இன்னும் சிறிது கெட்டுவிட்டு வாருங்கள் என்று பொருள். அந்த நாட்டில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு மூன்று மடங்குக்கும் அதிகம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். அதிகம் தேவைப்படுகிறவர்களைத்தான் இந்தக் கணக்கு வரிசையில் பின்னே தள்ளியது.

மாணவர்களும் இளம் மருத்துவர்களும் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகே காற்று திரும்பியது. பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனை 2017இல் பெருக்கலை விட்டது. 2021 செப்டம்பரில் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் இனம் கேட்காத புதிய சூத்திரத்தை ஏற்றன. 2023 ஜனவரி முதல், பழைய சூத்திரத்தால் காலம் இழந்த கறுப்பின நோயாளிகளைத் தேடி எடுத்து, இழந்த நாட்களைத் திருப்பித் தர வேண்டும் என்று மாற்றுறுப்பு மையங்களுக்கு உத்தரவு. 2024 மார்ச் நடுப்பகுதிக்குள் 14,000க்கும் மேற்பட்டோரின் காத்திருப்புக் காலம் திருத்தப்பட்டது, சராசரியாக இரண்டு ஆண்டுகள். டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் மூன்று முறை உட்காரும் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகள் என்றால் என்ன என்று அங்கே உட்கார்ந்தவரிடம் கேட்க வேண்டும். திருத்தம் வருமுன் இறந்துபோனவர்களுக்குத் திருப்பித் தர ஒன்றுமில்லை.

இனி அத்தானின் கேள்வி. யார் கறுப்பினத்தவர்? சூத்திரம் இதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. தாய் வெள்ளையர், தந்தை கறுப்பினத்தவர் என்றால் பாதி பெருக்க வேண்டுமா? இல்லை, முழுதாகப் பெருக்கினார்கள், ஒரு சொட்டுக் கறுப்பின ரத்தம் இருந்தாலே கறுப்பினத்தவர் என்ற, பழைய அடிமை மாநிலங்களின் 'ஒரு சொட்டு ரத்தம்' விதிப்படி. நைஜீரியாவிலிருந்து சென்ற மாதம் வந்து இறங்கியவரும், முந்நூறு ஆண்டுகளாக வர்ஜீனியாவில் கலந்து வாழ்ந்த குடும்பத்தின் வாரிசும், எத்தியோப்பியரும் ஒரே பெட்டி. பல இடங்களில் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தது மருத்துவர்கூட இல்லை, முகத்தைப் பார்த்துப் படிவத்தில் குறித்த வரவேற்பாளர்.

இந்தியர்கள் கதை இன்னும் வேடிக்கை. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், அமெரிக்கப் படையில் பணியாற்றியவர், தன்னை வெள்ளையராகக் கருதிக் குடியுரிமை தர வேண்டும் என்று வழக்காடினார். அன்றைய இனவியலாளர்களின் வகைப்பாட்டில் ஐரோப்பியர்களைப் போலவே வட இந்தியர்களும் காகேசியர்கள்தான். 1923இல் உச்ச நீதிமன்றம், விஞ்ஞானிகள் சொல்வது எப்படியோ, சாதாரண வெள்ளைக்கார மனிதனின் பார்வையில் இவர் வெள்ளையர் அல்ல என்று தீர்த்தது. அந்தக் கால மக்கள்தொகைக் கணக்கில் 'இந்து' என்பது ஓர் இனம்; சீக்கியரும் முஸ்லிமும் அதில்தான் அடக்கம். பிறகு 1970 கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையரோடு சேர்த்து எண்ணினார்கள். 1980இல் ஆசியர் பக்கம் மாற்றினார்கள். ஒருவர் 1968இல் திருச்சியிலிருந்து போய் அங்கேயே தங்கியிருந்தால், வீட்டை விட்டு நகராமலே பத்து ஆண்டுகளில் இனம் மாறியிருப்பார். அவருடைய சிறுநீரகம் மாறியிருக்காது.

சிறுநீரகச் சூத்திரமாவது 1999இல் பிறந்தது. நுரையீரல் கதைக்கு வேர் இன்னும் கீழே போகிறது.

ஸ்பைரோமீட்டரில் ஊதியவர்களுக்குத் தெரியும்: மூக்கில் ஒரு கவ்வி, வாயில் ஒரு குழாய், எதிரே நிற்பவர் "ஊதுங்கள், ஊதுங்கள், இன்னும், இன்னும்" என்று உயிரை வாங்குவார். வெளியேறிய காற்றின் அளவை, அதே வயது, உயரம், பாலினத்தில் ஆரோக்கியமானவர் ஊத வேண்டிய அளவோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொல்வார்கள். நான்கு லிட்டர் ஊத வேண்டியவர் 2.8 லிட்டர் ஊதினால் 70 சதவீதம். நுரையீரலில் கோளாறு இருக்கலாம். கறுப்பினத்தவருக்கு 'ஊத வேண்டிய அளவை'யே 10 முதல் 15 சதவீதம் வரை குறைத்துவிடுவது வழக்கமாக இருந்தது. நான்கு லிட்டர் மூன்றரை லிட்டராகிறது. அதே 2.8 லிட்டர் இப்போது 80 சதவீதம். வீட்டுக்குப் போகலாம், ஒன்றுமில்லை.

இந்தத் தள்ளுபடி எங்கிருந்து வந்தது? லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1851இல் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவ இதழ் ஒன்றில் கறுப்பின மக்களின் நோய்களைப் பற்றி எழுதியவர். அடிமைகள் தப்பி ஓடுவதை அவர் ஒரு மனநோய் என்றார். 'டிராப்பெட்டோமேனியா' என்று கிரேக்கத்தில் பெயரும் சூட்டினார். மருந்து சவுக்கடி. அதே மனிதர்தான் ஸ்பைரோமீட்டரால் அளந்து, கறுப்பினத்தவரின் நுரையீரல் கொள்ளளவு வெள்ளையரைவிட 20 சதவீதம் குறைவு என்றும் எழுதினார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். நுரையீரல் குறைபாட்டால் ரத்தம் மந்தமாகிறது, கட்டாய உழைப்பு அந்த ரத்தத்தைச் சுறுசுறுப்பாக்குகிறது, ஆகவே அடிமை வேலை அவர்கள் உடம்புக்கு நல்லது!

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் பெஞ்சமின் கூல்ட் என்ற வானியலாளர், வடக்குப் படை வீரர்களை ஆயிரக்கணக்கில் அளந்து 1869இல் வெளியிட்ட பெரிய தொகுப்பிலும் கறுப்பின வீரர்களின் நுரையீரல் எண் குறைவாகவே வந்தது. நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள் எதை உண்டார்கள், எங்கே உறங்கினார்கள், எந்தப் புகையைச் சுவாசித்தார்கள் என்ற கேள்வி அந்த அட்டவணையில் இல்லை. அட்டவணையை மட்டும் அடுத்த தலைமுறை மேற்கோள் காட்டியது. அதற்கடுத்த தலைமுறை அந்த மேற்கோளை மேற்கோள் காட்டியது. கடைசியில் அது ஸ்பைரோமீட்டரின் மென்பொருளுக்குள் ஒரு தேர்வுப் பட்டியலாகப் போய் உட்கார்ந்துகொண்டது. சவுக்கைப் பரிந்துரைத்தவரின் பெயர், அந்தப் பொத்தானை அழுத்தியவர்கள் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் இழப்பீடு கேட்ட வழக்குகளில், கறுப்பினத் தொழிலாளர்கள் மட்டும் கூடுதல் பாதிப்பைக் காட்டினால்தான் தகுதி என்று விதி வேண்டுமென 1999இல் பால்டிமோரில் அந்த வழக்குகளை எதிர்கொண்ட ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் கேட்டது. ஒரே ஆலை, ஒரே தூசி. 2023இல்தான் அமெரிக்க மார்பு நோய் மருத்துவர்களின் சங்கம், இனம் பார்க்காத அளவுகோலுக்கு மாறச் சொன்னது. 2012 முதல் உலகம் பயன்படுத்திய அளவுகோலில் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்று நான்கு பெட்டிகள். நூறு கோடிக்கும் மேற்பட்ட இந்தியர்களுக்குப் பெட்டி இல்லை; 'மற்றவர்கள்'.

நமக்கும் இந்த அளவுப் பித்து புதிதல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மருத்துவம் படித்தவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தவர். மாகாணம் முழுவதும் சாதி சாதியாக மண்டையையும் மூக்கையும் அளந்து குறித்துவைத்தவர். நம்மில் சிலர் இன்றும் அந்த மூக்குக் கணக்கைப் பெருமையோடு எடுத்து நீட்டுவதைப் பார்க்கும்போது சிரிப்பதா, அழுவதா என்று தெரிவதில்லை.

இவ்வளவு சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: அப்படியானால் பரம்பரை என்பதே பொய்யா, சில நோய்கள் சில மக்களுக்கு அதிகம் வருவதில்லையா? வருகிறது. இனம் வேறு, பரம்பரை வேறு என்பதுதான் விஷயம். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் அரிவாள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரெனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் படிக்க வந்த ஒரு பல் மருத்துவ மாணவரிடம் கண்டு, 1910இல் ஜேம்ஸ் ஹெரிக் அதை எழுதினார். அன்று முதல் அது 'கறுப்பர் ரத்தத்தின் நோய்'. வெள்ளைத் தோல் உள்ள ஒருவருக்கு அது வந்தபோது, நோயைப் பற்றிய தங்கள் கருத்தை மருத்துவர்கள் சந்தேகிக்கவில்லை. அவருடைய பாட்டியைச் சந்தேகித்தார்கள்.

1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரி ஆதிவாசிகளின் ரத்தத்தில் அதே அரிவாள் செல்லைக் கண்டார்கள், இருளரிடம் அதிகமாக. இரண்டு ஆண்டுகளில் ஆந்தனி ஆலிசன் காரணத்தைச் சொன்னார்: இந்த மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு, இரண்டு பிரதிகள் சேர்ந்தால் நோய். மலேரியா நெடுங்காலம் ஆண்ட நிலங்களில் அந்த மரபணு இருக்கிறது: மேற்கு ஆப்பிரிக்கா, கிரேக்கத்தின் சில பகுதிகள், அரேபியா, மத்திய இந்தியா, நம் நீலகிரி. மலேரியா இல்லாத தென்னாப்பிரிக்காவின் தென்கோடியில் வாழும் கோசா மக்களிடம் அது அரிது, அவர்கள் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும். இந்த நோயின் வரைபடத்தைக் கொசு வரைந்தது, தோல் நிறம் வரையவில்லை. 2023இல் இந்திய அரசு இந்த நோயை ஒழிக்கத் தனித் திட்டம் தொடங்கி, ஆதிவாசி ஊர்களில் ரத்தம் சோதித்து வருகிறது.

சிறுநீரகத்துக்கே திரும்பினாலும் இதே பாடம். 2010இல் ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணுவின் இரண்டு வகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. மேற்கு ஆப்பிரிக்காவில் தூக்க நோய்க் கிருமியை எதிர்க்க உதவியவை அவை. இரண்டு பிரதிகள் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் எட்டில் ஒருவருக்கு அந்த இரண்டு பிரதிகள் உண்டு. எட்டில் ஏழு பேருக்கு இல்லை. எத்தியோப்பியர்களிடம் அவை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 'கறுப்பினம்' என்று குறித்துக்கொண்ட மருத்துவருக்கு இதில் எதுவும் தெரியாது. மரபணுவைச் சோதித்தவருக்குத் தெரியும். தசையால் பெரிதும் மாறாத சிஸ்டாட்டின்-சி என்ற வேறொரு பரிசோதனையும் உண்டு. கிரியாட்டினினைப் போல இனத்தைக் கேட்க வேண்டிய தேவை அதற்கு வரவில்லை. விலைதான் பல மடங்கு. இனம் என்பது மருத்துவத்துக்கு இலவசமாகக் கிடைத்த பரிசோதனை; அதனால்தான் இவ்வளவு காலம் ஓடியது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தோல் நிறம் உண்மையிலேயே பொருட்படுத்த வேண்டிய ஒரு கருவியில், அதை யாரும் போதுமான அளவு பொருட்படுத்தவில்லை என்பது இந்தக் கதையின் வயிற்றெரிச்சல். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகியின் 1970களின் கண்டுபிடிப்பு. தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சும். அடர்ந்த நிறத்தில் கருவி ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டலாம் என்று 1990லேயே எழுதப்பட்டுவிட்டது. 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கு: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, தமனி ரத்தத்தை எடுத்து அளந்தால் 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம் முறை, கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் முறை. இங்கே பெருக்கவோ வகுக்கவோ எவரும் சூத்திரம் வைக்கவில்லை. நிறத்தால் வரும் பிழை என்பதால் 'இனம்' கேட்டாலும் பயனில்லை. மாநிறக் கறுப்பினத்தவரைவிட என் அத்தான் கறுப்பு.

கொரோனா அலை வீசிய 2021 மே மாதத்தை நினைத்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் ஒரே ஓர் ஆக்ஸிமீட்டர் வீடு வீடாகச் சுற்றியது. 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை, இல்லையென்றால் வீட்டிலேயே இருங்கள் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த விதி. படுக்கை கிடைக்குமா கிடைக்காதா என்பதை அந்த எண் தீர்மானித்தது. பக்கத்து வீட்டு அண்ணன் 95 என்று காட்டிய விரலை நிம்மதியோடு எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினார். எண்ணைத் தள்ளிவையுங்கள், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவோம் என்றேன். இருபத்து நான்கைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று அரசின் சிகிச்சை நெறிமுறையிலேயே இருந்தது. எண்ணினோம், முப்பதுக்குப் பக்கம். அன்று மாலையே அழைத்துப் போனோம், பிழைத்து வந்துவிட்டார். அது நிறத்தால் வந்த பிழையா, மலிவான கருவியா, குளிர்ந்த விரலா என்று என்னால் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் 2013 வழிகாட்டுதல்படி ஆக்ஸிமீட்டரைப் பத்துப் பேரிடம் சோதித்தால் போதும். அவர்களில் இருவராவது அடர்ந்த நிறத்தவராக இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு அதை 150 பேராக உயர்த்தி, தோல் நிறத்தையே அளந்து குறிக்கச் சொல்கிறது. எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் விற்கும் விரல் ஆக்ஸிமீட்டர்களின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மின்கலம் எத்தனை மணி நேரம் வரும் என்று இருக்கிறது, திரை எந்த நிறத்தில் ஒளிரும் என்று இருக்கிறது. எந்த நிறத் தோலில் சோதித்தார்கள் என்று ஒன்றில்கூட இல்லை. கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். அப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.